ஆடுகளத்தில் சாய்ந்த பிள்ளைகள்

(விளாத்திகுளத்தில் சபை வாலிபர்களின் விளையாட்டு நாளன்று மாலை, பெற்றோரும் மருத்துவமனை நண்பர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நமது மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



காலை முதல் இந்தக் கரிசல் மண்ணில் புழுதி பறக்க நம் பிள்ளைகள் விளையாடியதைக் கண்டு மகிழ்ந்தோம். கைப்பந்தில் தோற்ற அணியினர் இன்னும் நடுவரோடு வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள்; அதையும் கண்டு மகிழ்ந்தோம். பரிசு வழங்குமுன் சில வார்த்தைகள் பேசும்படி எங்களைக் கேட்டுக்கொண்டார்கள். நாங்கள் பேசப்போகும் காரியம் பரிசளிப்பு மேடைக்கு ஏற்றதுதானா என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். ஆனால் விளையாடுகிற பிள்ளைகளும், அவர்களைப் பெற்றவர்களும், விளையாட்டை நடத்துகிற பெரியவர்களும் ஒரே பந்தலின்கீழ் உட்காரும் நாள் வருடத்தில் இது ஒன்றுதான். ஆகையால் இன்றே பேசத் துணிந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பொங்கல் சமயம். நம் சுற்றுவட்டாரத்துக் கிராமம் ஒன்றில் இரவு நேரக் கபடிப் போட்டி. 19 வயதுப் பையன் ஒருவன் பாடிப் போனான். எதிர் அணியில் ஒருவனைத் தொட்டுவிட்டு, நடுக்கோட்டைத் தாண்டித் தன் பக்கம் வந்து சேர்ந்தான். சனங்கள் கைதட்டினார்கள். அவன் இரண்டு எட்டு நடந்தான், முகங்குப்புற விழுந்தான். அந்த நேரத்தில் அவனை யாரும் தொட்டிருக்கவில்லை.

விழுந்தவனுடைய கைகால் சற்றே இழுத்தது. வலிப்பு என்று எண்ணி இரும்புச் சாவியைக் கையில் திணித்தார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். ஒருவர் சோடா வாங்க ஓடினார். காற்று வரட்டும் என்று ஒருவர் கூட்டத்தை விலக்கினார். அங்கே இருந்தவர்கள் எல்லாரும் அவன்மேல் அன்புள்ளவர்கள். கைக்கு எட்டியதையெல்லாம் செய்தார்கள். பிறகு இரு நண்பர்கள் அவனை நடுவில் உட்காரவைத்து மோட்டார் சைக்கிளில் எங்களிடம் கொண்டுவந்தார்கள். வந்து சேர அரைமணிக்கு மேல் ஆகியிருந்தது. எங்கள் வைத்தியர்களும் நர்சுகளும் வெகுநேரம் முயன்றார்கள். பலனில்லை.

தாய்க்குச் செய்தி சொல்லும் வேலை எங்களுக்கு விழுந்தது. அந்த அம்மா அழவில்லை. எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்கள்: “ஐயா, காலையில வேண்டாம்னுதான் சொன்னேன். பொழுது சாயவும் அவன் மொகத்தப் பாத்து, சரி போய்ட்டு வாய்யான்னு நான்தான் அனுப்புனேன். நான் அனுப்பாம இருந்தா எம்புள்ள இருந்திருப்பானா?”

இத்தனை வருட ஊழியத்தில் எத்தனையோ கட்டிலருகே நின்று ஜெபித்திருக்கிறோம். அன்று எங்கள் வாயில் பதில் வரவில்லை. அந்தத் தாயின் கேள்விக்குப் பதில் தேடி எங்கள் வைத்தியர்களிடம் கேட்டு அறிந்ததைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளுகிறோம்.

முதலில் அந்தப் பையனுக்கு நேர்ந்தது என்ன என்று பார்ப்போம். சனங்கள் மாரடைப்பு என்றார்கள். மாரடைப்பு என்பது இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது. இது வேறு. நம் கிணற்று மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். சில வேளை கரண்டு ஒழுங்காக வராதபோது மோட்டார் சுற்றாமல் உறுமிக்கொண்டே நிற்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே ஏறாது. இருதயமும் மின்சாரத்தால் இயங்குகிற உறுப்புதான். அந்த மின்னோட்டம் திடீரென்று தாறுமாறானால், இருதயம் சுருங்கி விரிவதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கும். இரத்தம் மூளைக்குப் போகாது. சில விநாடிகளில் மனிதன் சாய்ந்துவிடுவான். மூளைக்கு இரத்தம் இல்லாததால் கைகால் இழுப்பதும் உண்டு. அதைத்தான் அன்று வலிப்பு என்று எண்ணினார்கள்.

நல்ல வாலிபனுக்கு மின்னோட்டம் ஏன் தாறுமாறாக வேண்டும்? முக்கியமான காரணங்கள் நான்கைந்து உண்டு. இருதயத் தசை பிறவிக் கூறினால் அளவுக்கு மீறித் தடித்துப்போவது ஒன்று. இது ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். பெற்றோரில் ஒருவருக்கு இந்தக் கூறு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. இருதயத்துக்கு இரத்தம் கொடுக்கும் குழாய் பிறவியிலேயே தவறான இடத்திலிருந்து கிளம்புவது இன்னொன்று. தசையெல்லாம் சரியாக இருந்தும் மின்னோட்டத்தில் மாத்திரம் பிறவிக் குறை இருப்பது வேறொன்று. காய்ச்சலுக்குப்பின் இருதயத் தசை வீங்கியிருக்கும்போது ஓடியாடுவதும் ஆபத்து. கடைசியாக, நெஞ்சின்மேல் ஒரு குறிப்பிட்ட இமைப்பொழுதில் விழும் அடி, நல்ல இருதயத்தையும் நிறுத்திவிடக்கூடும். 2023 ஜனவரி 2-ஆம் தேதி அமெரிக்கக் கால்பந்து வீரர் டாமர் ஹாம்லின் அப்படித்தான் களத்தில் விழுந்தார்; அங்கேயே உதவி கிடைத்ததால் பிழைத்து, மறுபடியும் விளையாட வந்தார்.

நம்மில் மூத்தவர்களுக்கு வேறொரு இருதய நோய் நன்றாக நினைவிருக்கும். பிள்ளைகளுக்குத் தொண்டைப் புண்ணும் மூட்டுவலிக் காய்ச்சலும் வந்து, இருதய வால்வு கெட்டுப்போகும் நோய். அந்தப் பிள்ளைகள் பத்தடி நடந்தாலே மூச்சிரைக்கும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1961-இலேயே இருதயத்தைத் திறந்து அறுவை செய்தார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளைக் காணிக்கைப் பணத்தில் அங்கே அனுப்பியதை உங்கள் தகப்பன்மார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த நோய் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். நாம் இப்போது பேசுகிற குறைகளோ ஒளிந்திருப்பவை. ஊரிலேயே வேகமாக ஓடுகிறவன் நெஞ்சிலும் அவை இருக்கலாம்.

கேமரூன் நாட்டுக் கால்பந்து வீரர் மார்க் விவியன் ஃபோயே அப்படிப்பட்டவர். 2003 ஜூன் 26 அன்று பிரான்சின் லியோன் நகரில், கொலம்பியாவுக்கு எதிரான ஆட்டத்தின் 72-ஆவது நிமிடத்தில், அருகே ஒருவரும் இல்லாதபோது விழுந்து மரித்தார். வயது 28. அவருடைய இருதயத் தசை தடித்திருந்ததைப் பிரேதப் பரிசோதனையில் கண்டார்கள். நம் தேசத்திலும் நடந்தது. 2004 டிசம்பர் 5 அன்று பெங்களூரில் பெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டம். டெம்போ அணிக்காக ஆடிய பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர், மோகன் பகான் அணிக்கு எதிராகத் தமது இரண்டாவது கோலைப் போட்ட கையோடு, கோல்காப்பாளரோடு மோதி விழுந்தார், எழுந்திருக்கவேயில்லை. 2022 ஜூலையில் நம் தமிழ்நாட்டிலேயே, கடலூர் மாவட்டத்தில், பாடிப் போன வாலிபன் ஒருவன் கபடிக் களத்திலே சாய்ந்து மரித்தான். அந்தக் காட்சி உங்கள் பலருடைய கைப்பேசிக்கும் வந்திருக்கும்.

அப்படியானால் விளையாட்டுதான் கொன்றதா? அந்தத் தாயின் கேள்வி இதுவே. எங்கள் வைத்தியர்கள் சொல்லும் பதிலை அப்படியே சொல்லுகிறோம். குறை பிறவியிலோ நோயிலோ வந்தது. விளையாட்டு அதைக் கொண்டுவரவில்லை. ஆனால் குறையுள்ள இருதயத்தை மிகுந்த ஓட்டமும் படபடப்பும் தூண்டிவிடக்கூடும். குறை இல்லாத பிள்ளைக்கு அதே ஓட்டம் ஆயுளைக் கூட்டுகிறது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு வீரர்களில், ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 50,000 பேரில் ஒருவர் இவ்வாறு மரிப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். மீதிப் பேரையெல்லாம் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்தால், நாற்பது வயதில் சர்க்கரையும் இரத்தக்கொதிப்பும் அவர்களைத் தேடி வரும். ஆகவே தாய்மாரே, இன்று இதைக் கேட்டுவிட்டு நாளைக்குப் பிள்ளையின் பந்தைப் பரணில் போட்டுவிடாதேயுங்கள். பக்கத்துக் கோவில்பட்டியைப் பாருங்கள். ஹாக்கி மட்டையைப் பிடித்தே எத்தனை ஏழை வீட்டுப் பிள்ளைகள் வேலையும் மேன்மையும் அடைந்தார்கள்! 2022-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியா வெண்கலம் வென்றபோது, அந்த அணியில் கோவில்பட்டிப் பையன் மாரீஸ்வரன் இருந்தார். விளையாட்டு நம் மண்ணுக்குக் கிடைத்த ஒரு ஏணி. அந்த ஏணியில் ஏறுகிற பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளுவது நம் கடமை.

கொரோனாத் தடுப்பூசியால்தான் வாலிபர் சாகிறார்கள் என்று ஒரு பேச்சு ஊரெங்கும் உலாவியது. நம் சபைகளிலும் உலாவியது. இதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆராய்ந்து 2023 நவம்பரில் வெளியிட்டது. நாடெங்கும் 47 மருத்துவமனைகளின் வழியாக, 18 முதல் 45 வயதுக்குள் திடீரென்று மரித்த 729 பேரையும், அவர்களுக்கு ஒப்பான 2,916 பேரையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தடுப்பூசி ஆபத்தைக் கூட்டவில்லை என்று கண்டார்கள். கொரோனாவால் மருத்துவமனையில் படுத்தவர்கள், குடும்பத்தில் திடீர் மரணம் கண்டவர்கள், மரணத்துக்கு முந்தின இரண்டு நாட்களுக்குள் அளவுமீறிக் குடித்தவர்கள் அல்லது மிகக் கடுமையாக உடலை வருத்தினவர்கள், இவர்களுக்கே ஆபத்து அதிகம் என்று கண்டார்கள். “குடும்பத்தில் திடீர் மரணம்” என்கிற அந்த ஒரு சொல்லை மாத்திரம் மறவாமல் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதை அதில்தான் தொடருகிறது.

போலீஸ் விசாரணை வந்ததால் அந்தப் பையனுக்குப் பிரேதப் பரிசோதனை நடந்தது. இருதயத் தசை தடித்திருந்தது. அதற்குள் ஊரில் பல பேச்சு கிளம்பிவிட்டது. எதிர் அணியினர் நெஞ்சில் குத்திவிட்டார்கள் என்று சிலர் சொல்ல, இரண்டு ஊருக்கும் கைகலப்பு வரும் நிலை. கண்ணேறு என்றார்கள் சிலர். பரிசோதனை முடிவு வந்ததும் ஒரு பெரிய சண்டை நின்றது. அதற்காக ஆண்டவரை ஸ்தோத்திரித்தோம்.

பதினாறாம் நாள் கழிந்தபின் நாங்கள் அந்த வீட்டுக்குப் போனோம். பேச்சுவாக்கில் இரண்டு சங்கதிகள் வெளிவந்தன. பத்தாம் வகுப்புப் படிக்கையில் அந்தப் பையன் பள்ளி ஓட்டப்பந்தயத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்திருக்கிறான். வெயில், காலையில் சாப்பிடவில்லை என்று சொல்லி எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார்கள். வீட்டிலே கோடாங்கியிடம் காட்டிக் கயிறு கட்டினார்கள். அதோடு மறந்துவிட்டார்கள். இரண்டாவது, அவனுடைய சித்தப்பா 32 வயதில் காட்டில் களையெடுத்துக் கொண்டிருந்தபோது சாய்ந்து மரித்திருக்கிறார். பூச்சி கடித்திருக்கும் என்றார்கள்; காற்றுக் கருப்பு என்றார்கள். இரண்டையும் ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை. படித்த நாங்களும் அந்த வீட்டிலே இருந்திருந்தால் சேர்த்துப் பார்த்திருப்போமா என்று எங்களையே கேட்டுக்கொண்டோம்.

வீட்டில் 17 வயதில் ஒரு தம்பி இருந்தான். விடியுமுன் நம் ரோடுகளில் பையன்கள் கூட்டமாய் ஓடுகிறார்களே, அவர்களில் ஒருவன். போலீஸ் தேர்வுக்கு 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். அதற்காகத் தினமும் ஓடிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரு ஈ.ஸி.ஜி.யும் எக்கோவும் எடுக்கவேண்டும் என்றோம். தகப்பனார் எழுந்து வெளியே போய்விட்டார். தாய் சொன்னார்கள்: “இவனுக்கும் நெஞ்சுல கோளாறுன்னு ஒரு பேரு வந்துட்டா, போலீசு வேலை கெடைக்குமாய்யா? மகளக் கட்டிக் குடுக்கணுமே, எவன் வந்து பொண்ணு கேப்பான்?”

அந்த அம்மா சொன்னதில் தப்பொன்றும் இல்லை. மழையை நம்பிப் பருத்தியும் மிளகாயும் போடுகிற வீட்டுக்கு ஒரு போலீஸ் சம்பளம் என்ன என்பது உங்களுக்குத் தெரியும். மூன்று முறை போனோம். மூன்றாம் முறை தாய்மாமன் வந்திருந்தார். எல்லாவற்றையும் பொறுமையாய்க் கேட்டுவிட்டு, “ஒரு புள்ளயக் குடுத்தது போதும்க்கா” என்று மாத்திரம் சொன்னார். மறுநாள் பையனை அழைத்து வந்தார்.

ஈ.ஸி.ஜி.யில் மாறுதல் தெரிந்தது. தூத்துக்குடியில் எக்கோ எடுத்தோம். அந்தச் செலவும் பஸ் செலவும் உங்கள் காணிக்கையிலிருந்து கொடுக்கப்பட்டது. அவனுக்கும் தசை தடித்திருந்தது. இருதய நிபுணர் மாத்திரை எழுதினார். வேக ஓட்டமும் கபடியும் கூடாது என்றார். இப்போதெல்லாம் இந்த நோயுள்ள எல்லாரையும் ஒரேயடியாய்த் தடுப்பதில்லை. ஆளைப் பார்த்து, ஆபத்தை அளந்து, அவரோடு கலந்து பேசியே முடிவு செய்கிறார்கள். ஆனால் இவனுடைய தசையின் தடிப்பையும், அண்ணனும் சித்தப்பாவும் மரித்த விதத்தையும் பார்த்து அப்படிச் சொன்னார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவன் எங்களோடு பேசவில்லை. விளாத்திகுளத்தில் இறங்கினபின் கேட்டான்: “ஐயா, போலீசும் போச்சு, கபடியும் போச்சு. இனிமே நான் என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்க.” தாய்க்கு முன்னே நின்றதுபோலவே இவனுக்கு முன்னேயும் நின்றோம். ஜெபிக்கலாம் என்று சொல்லி அவன் வாயை அடைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. பஸ் நிலையத்தில் டீ வாங்கிக் கொடுத்தோம். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

அன்பானவர்களே, நோயைக் கண்டுபிடிப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை என்பதை அந்தப் பையன் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தான். இன்று அவன் ஐ.டி.ஐ. முடித்து வேலையில் இருக்கிறான். மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறான். வருடந்தோறும் பரிசோதனைக்கு வருகிறான். கபடிப் போட்டி நடந்தால் புள்ளி எழுதும் மேசையில் உட்காருகிறான். சில நாள் அந்த மேசையை விட்டு எழுந்து, கோட்டின் ஓரத்தில் போய் நிற்கிறான் என்று அவனுடைய மாமன் சொல்லுகிறார். அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை. ஆனால் இருக்கிறான். அவனுடைய அக்காளுக்கும் பரிசோதனை செய்தோம். குறை ஒன்றும் இல்லை. கல்யாணமும் நடந்தது.

இந்தக் குறை நம் ஜனங்களிடையே புதிதல்ல என்பதற்கு இன்னொன்று சொல்லுகிறோம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும், மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும், ஐதராபாத் ஆராய்ச்சி நிலையத்திலும் உழைத்த நம்மவர்கள் 2009-இல் ஒன்றைக் கண்டறிந்து உலகத்துக்குச் சொன்னார்கள். இருதயத் தசையின் ஒரு புரதத்தை உண்டாக்கும் மரபணுவில் சிறு துண்டு விடுபட்டிருப்பது, இந்தியரில் ஏறக்குறைய நூற்றில் நான்கு பேரிடம் காணப்படுகிறது. அதை உடையவர்களுக்கு இருதயத் தசை நோய் வரும் ஆபத்து கூடுதல். பெரும்பாலும் வயது முதிர்ந்தபிறகே அது தலைகாட்டும். நூற்றில் நான்கு என்றால், இந்தப் பந்தலில் இருப்பவர்களிலும் சிலர் இருக்கக்கூடும். பயப்படும்படி இதைச் சொல்லவில்லை. இது யாருடைய குடும்பத்துக்கும் வெட்கமான காரியம் அல்ல என்பதற்காகச் சொல்லுகிறோம்.

சரி, எந்தப் பிள்ளையைப் பரிசோதனைக்கு அழைத்துப்போக வேண்டும்? இதைக் கவனமாய்க் கேளுங்கள். வெயிலில் அணிவகுப்பில் வெகுநேரம் நின்று மயங்குகிற பிள்ளைகள் பலர். அது பெரும்பாலும் ஆபத்தில்லாதது. ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்குகிற பிள்ளையை ஒருபோதும் சாதாரணமாய் எண்ணாதேயுங்கள். விளையாடும்போது நெஞ்சில் வலியோ இறுக்கமோ என்று சொல்லுகிற பிள்ளை, ஒத்த வயதுப் பிள்ளைகளைவிடச் சீக்கிரம் மூச்சிரைக்கிற பிள்ளை, காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கிறது என்கிற பிள்ளை, இவர்களையும் காட்டுங்கள். நெருங்கிய உறவில் ஒருவர் 50 வயதுக்குள் காரணம் தெரியாமல் திடீரென்று மரித்திருந்தால், அந்த வீட்டுப் பிள்ளைகள் அனைவரையும் காட்டுங்கள். அது காட்டிலே நடந்ததானாலும், கிணற்றில் நீந்தும்போது நடந்ததானாலும், தூக்கத்திலே நடந்ததானாலும் சரி. நம் பக்கத்தில் அக்காள் மகளையும் அத்தை மகளையும் கட்டுவது வழக்கம். அப்படிச் சொந்தத்தில் கட்டின வீடுகளில், பிறவியிலே காது கேளாத பிள்ளைக்கு அடிக்கடி மயக்கமும் வருமானால், காதுக்கும் இருதயத்துக்கும் சேர்ந்து வரும் அபூர்வமான ஒரு குறை உண்டு. அந்தப் பிள்ளைக்கு அவசியம் ஈ.ஸி.ஜி. எடுக்கவேண்டும். காய்ச்சல் அடிக்கும் பிள்ளையை இறுதி ஆட்டம் என்று சொல்லிக் களத்தில் இறக்காதேயுங்கள்.

விளையாடுகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் ஈ.ஸி.ஜி. எடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். இத்தாலி தேசம் 1982 முதல் சட்டமாகவே அப்படிச் செய்கிறது. நமக்குப் புனித அந்தோனியாரால் பெயர் தெரிந்த பதுவா நகரத்து வைத்தியர்கள் அந்தப் பகுதியில் கணக்கெடுத்தார்கள். சட்டத்துக்கு முன் ஆண்டுக்கு லட்சம் வீரர்களில் 3.6 பேர் வீதம் நேர்ந்த திடீர் மரணம், 2004-க்குள் 0.4 ஆகக் குறைந்தது. ஆனால் எல்லாத் தேசத்து வைத்தியர்களும் இதே வழியை ஒப்புக்கொள்ளுவதில்லை. நல்ல பிள்ளையையும் நோயாளி என்று ஈ.ஸி.ஜி. சில வேளை தவறாகக் காட்டிவிடும். சில நோயைக் காட்டாமலும் விட்டுவிடும். ஆகையால் எங்கள் மருத்துவமனையில் முதலில் கேள்வி கேட்கிறோம். ஒரு தாளில் பத்துக் கேள்வி. காகிதத்துக்குச் செலவு கொஞ்சமே. பதில் சந்தேகமாயிருந்தால் ஈ.ஸி.ஜி., அதிலும் சந்தேகமானால் எக்கோ.

எவ்வளவு கேட்டாலும் சிலருடைய குறை முன்னதாகத் தெரியாமலே போகும். அப்போது ஆடுகளத்தில் நிற்கிறவர்களுடைய கைகள்தான் வைத்தியம். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் விழுந்ததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. உடனே நெஞ்சை அழுத்தினார்கள். மின் அதிர்வு கொடுக்கும் கருவி அருகிலேயே இருந்தது. உறுமி நிற்கும் மோட்டாரை ஒருமுறை அணைத்துப் போடுவதுபோல, அந்தக் கருவி இருதயத்தின் மின்னோட்டத்தை நேராக்குகிறது. எரிக்சன் பிழைத்தார். உடலுக்குள் பொருத்திய கருவியோடு 2022 பிப்ரவரியில் மறுபடியும் களத்துக்கு வந்தார். ஃபோயேக்கு 28 வயது, எரிக்சனுக்கு 29. இருவரும் கூட்டத்துக்கு நடுவேதான் விழுந்தார்கள்.

நெஞ்சை அழுத்தாமல் விடுகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு குறைகிறது. நான்கைந்து நிமிடத்தில் மூளை கெடத் தொடங்கும். விளாத்திகுளத்திலிருந்து கோவில்பட்டி 30 கிலோமீட்டருக்கும் மேல். 108 வண்டி எவ்வளவு வேகமாய் வந்தாலும், உட்கிராமத்துக்கு நான்கு நிமிடத்தில் வராது. நம் பிள்ளைகளுக்கு அந்த நான்கு நிமிடத்தில் உதவி செய்ய நம்மைத் தவிர வேறு ஆள் கிடையாது.

விழுந்தவனைத் தோளில் தட்டிக் கூப்பிடுங்கள். பதிலில்லை, மூச்சில்லை என்றால், ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். இடையிடையே மீன் வாய் திறப்பதுபோல ஏங்கி இழுப்பது மூச்சு ஆகாது. அதைக் கண்டு ஏமாறாதேயுங்கள். மல்லாக்கப் படுக்கவைத்து, நெஞ்சின் நடுவில் ஒரு கையின்மேல் மறுகையை வைத்து, முழங்கை மடங்காமல், இரண்டு அங்குல ஆழம் அழுத்துங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தரம். கை ஓய்ந்தால் அடுத்தவர் மாறிக்கொள்ளுங்கள். வண்டி வரும்வரை நிறுத்தாதேயுங்கள். தண்ணீர், சோடா, சாவி ஒன்றும் வேண்டாம். வண்டியில் தூக்கிக்கொண்டு ஓடவும் வேண்டாம். விலா எலும்பு முறிந்துவிடுமே என்று அஞ்சாதேயுங்கள், எலும்பு ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் மூழ்கினவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் வாயோடு வாய் வைத்து மூச்சும் கொடுக்கவேண்டும்; அதைப் பயிற்சியில் காட்டுவோம். சூனேம் ஊராளின் பிள்ளை அறுப்புக் காட்டிலே தலைவலி என்று சொல்லித் தாய் மடியில் மரித்ததையும், எலிசா அந்தப் பிள்ளையின் வாயின்மேல் தன் வாயை வைத்துக் குனிந்ததையும் நீங்கள் ஞாயிறு பள்ளியிலே படித்திருக்கிறீர்கள். அது அற்புதம். ஆனாலும் தீர்க்கதரிசி தூர நின்று ஜெபித்ததோடு விடவில்லை, பிள்ளையின்மேல் கையை வைத்தார் என்பதை நாங்கள் நர்சிங் மாணவிகளுக்குச் சொல்லுவது வழக்கம்.

கடைசியாக, பிள்ளையை இழந்த வீட்டுக்குப் போகிற நம்மெல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். யார் செய்த பாவமோ என்று சொல்லாதேயுங்கள். சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்டவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளோ என்று ஆண்டவரே கேட்டு, அதற்கு என்ன பதில் சொன்னார் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். விளையாட விட்டதால்தானே வந்தது என்றும் சொல்லாதேயுங்கள். தேவசித்தம் என்று அவசரப்பட்டு வாயடைக்கவும் வேண்டாம். கொஞ்சநேரம் கூட உட்கார்ந்திருங்கள். மற்றப் பிள்ளைகளைப் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள்.

அந்தத் தாயிடம் வெகுநாள் கழித்து எங்கள் பதிலைச் சொன்னோம். “அம்மா, நீங்கள் அனுப்பாமல் இருந்திருந்தால், அன்று தப்பியிருக்கலாம், வேறொரு நாள் காட்டிலோ ரோட்டிலோ விழுந்திருக்கலாம். அவன் சித்தப்பா கபடியா விளையாடினார்? பிள்ளை ஆசைப்பட்டதற்குச் சரி என்று சொன்னது தாய் செய்கிற காரியம். அதில் உங்கள்மேல் குற்றம் ஒன்றுமில்லை. தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரியாமல் இருந்தோமே, அது எங்களுக்கும் ஊருக்கும் உள்ள குறை. இளையவனை நீங்கள் அனுப்பினீர்களே, அதனால் அவன் இருக்கிறான்.” அந்த அம்மா அப்போதுதான் எங்கள் முன்னிலையில் முதல்முறையாக அழுதார்கள்.

இன்று பரிசு வாங்குமுன், ஒவ்வொரு அணியிலும் இரண்டிரண்டு பேர் மேடைக்குப் பின்னால் வாருங்கள். எங்கள் நர்சுகள் ரப்பர் பொம்மையோடு காத்திருக்கிறார்கள். நெஞ்சை அழுத்தப் பழகிவிட்டு வந்து கோப்பையை வாங்கிக்கொள்ளுங்கள். தோற்ற அணியும் வரவேண்டும். நடுவரும் வரவேண்டும், அவரோடு வழக்காடிக்கொண்டிருப்பவர்கள் அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

கர்த்தர் நம் பிள்ளைகளின் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஆமென்.